அதிக கோல் அடித்தவர்கள் கீழே இறங்கிய ஆண்டு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடித்துவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். நடுவில் சிறு கணக்கு வரும். என்னிடம் படித்தவர்கள் பயப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மான்செஸ்டர் சிட்டி என்றால் இன்று உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். நீல நிற பனியன், பணக்கார கிளப், வரிசையாகக் கோப்பைகள். என் பேரன் வயதுப் பையன்கள் அந்த அணி வீரர்களின் பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். அதே கிளப்புக்கு 1937-38இல் நடந்த ஒன்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நடப்பு சாம்பியனாக இருந்துகொண்டே, அந்த ஆண்டில் எல்லோரையும்விட அதிக கோல் அடித்தும், அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. இங்கிலாந்து லீக்கில் நடப்பு சாம்பியன் அணி அடுத்த ஆண்டே கீழே இறங்கியது அந்த ஒரு முறைதான்.

முதலில் ஊரைப் பற்றி. மான்செஸ்டர் என்றாலே நம் முன்னோர்களுக்கு நினைவு வந்தது துணி. கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று சொன்னது அதனால்தான். ஆனால் முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஊரையும் சுற்றியுள்ள லங்காஷயரையும் வறுமை பிடித்துக்கொண்டது. ஜப்பான் துணி போட்டிக்கு வந்தது. இந்தியாவில் நாமே ஆலைகள் கட்டினோம், அந்நியத் துணியை ஒதுக்கினோம். அங்கே தறிகள் நின்றன. 1931இல் காந்தியடிகள் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது, லங்காஷயரின் ஆலைத் தொழிலாளர்களை நேரில் சந்தித்துப் பேசினார்.

அப்படிப்பட்ட ஊரில் சனிக்கிழமை பிற்பகல் கால்பந்து என்பது பொழுதுபோக்குக்கும் மேலே. அரை நாள் வேலை முடித்துவிட்டு ஆண்கள் மைதானத்துக்கு நடந்தே போவார்கள். சிட்டியின் மைதானம் மெய்ன் ரோடு, மாஸ் சைடு என்ற தொழிலாளர் பகுதியில் 1923இல் திறக்கப்பட்டது. 1934இல் அங்கே ஸ்டோக் அணியோடு நடந்த ஒரு கோப்பை ஆட்டத்தைப் பார்க்க 84,569 பேர் திரண்டார்கள். பெரும்பாலோர் நின்றுகொண்டே பார்த்தவர்கள்.

அந்த 1934ஆம் ஆண்டு சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. கோல்கீப்பர் ஃபிராங்க் ஸ்விஃப்டுக்கு அப்போது 20 வயது. ஆட்டம் முடிந்த விசில் கேட்டதும் அந்த இளைஞர் மயங்கி விழுந்துவிட்டார். அவரைத் தெளிய வைத்துத்தான் மன்னரிடம் பதக்கம் வாங்க அழைத்துப் போனார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1936 பிப்ரவரியில், பிளாக்பூல் அணியிலிருந்து பீட்டர் டோஹெர்ட்டி என்ற அயர்லாந்துக்காரரை 10,000 பவுண்ட் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரும் தொகை. ஆனால் பணம் போனது கிளப்புக்கு. ஆட்டக்காரனுக்கு லீக் நிர்ணயித்த உச்சவரம்புச் சம்பளம் வாரத்துக்கு 8 பவுண்ட், ஆட்டமில்லாத கோடையில் 6 பவுண்ட். எவ்வளவு திறமை இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது.

இனி 1936-37க்கு வருவோம். முதல் டிவிஷனில் 22 அணிகள். ஒவ்வொன்றும் 42 ஆட்டம்: சொந்த ஊரில் 21, வெளியூரில் 21. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. ஆண்டு முடிவில் கடைசி இரண்டு அணிகள் கீழே போகும், இரண்டாம் டிவிஷனின் முதல் இரண்டு மேலே வரும். சிட்டி கிறிஸ்துமஸ் வரை நடுவில்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஆடிய 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஏப்ரலில் பலம் வாய்ந்த ஆர்செனலை 2-0 என்று வென்று, 24ஆம் தேதி ஷெஃபீல்டு வெட்னஸ்டேவை 4-1 என்று வென்று, கிளப்பின் வரலாற்றில் முதல் முறையாக லீக் சாம்பியன் ஆனது. மொத்தம் 57 புள்ளி, 107 கோல். டோஹெர்ட்டி மட்டும் 30 கோல். அதே ஆண்டு, அதே ஊரைச் சேர்ந்த மான்செஸ்டர் யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஊரில் பாதி வீடுகளில் கொண்டாட்டம், பாதி வீடுகளில் துக்கம்.

அடுத்த ஆண்டும் அதே மேனேஜர் வில்ஃப் வைல்டு. அதே ஸ்விஃப்ட், அதே டோஹெர்ட்டி, இடது ஓரத்தில் அதே எரிக் புரூக், அதே அலெக் ஹெர்டு, அதே தலைவர் சாம் பார்க்கஸ். 1937 நவம்பரில், கோப்பை வென்ற சண்டர்லாந்தை சாரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் 2-0 என்று தோற்கடித்தார்கள். யாரும் கவலைப்படக் காரணமில்லை. ஆனால் 1938 மே மாதம் பட்டியலைப் பார்த்தால் சிட்டி 21ஆவது இடம். 14 வெற்றி, 8 டிரா, 20 தோல்வி, 36 புள்ளி. அடித்த கோல் 80. வாங்கிய கோல் 77. அந்த ஆண்டு சாம்பியனான ஆர்செனல் அடித்ததே 77தான்!

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். 80 அடித்து 77 வாங்கினால் லாபம்தானே? பிறகு எப்படி நஷ்டம்?

நான்கு ஆட்டங்களைத் தனியே எடுங்கள். டெர்பி அணியோடு சொந்த ஊரில் 6-1. அதே டெர்பியோடு அவர்கள் ஊரில் 7-1. வெஸ்ட் பிராம்விச் அணியோடு 7-1. சீசன் முடியும் தறுவாயில் லீட்ஸ் அணியோடு 6-2. கூட்டுங்கள்: அடித்தது 26, வாங்கியது 5. இந்த நான்குக்கும் கிடைத்த புள்ளிகள் 8 மட்டும். இவற்றைக் கழித்துவிட்டால் மீதி 38 ஆட்டங்களில் அடித்தது 54, வாங்கியது 72, புள்ளி 28. இதுதான் அந்த அணியின் அன்றாட நிலை. ஏழு கோல் அடித்து வென்றாலும் இரண்டு புள்ளிதான், ஒரு கோலில் வென்றாலும் இரண்டு புள்ளிதான். லீக் ஆட்டத்தைத்தான் எண்ணுகிறது, கோலை அல்ல.

நம் பத்தாம் வகுப்புத் தேர்வும் அப்படித்தானே? நான்கு பாடத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கி, ஐந்தாவதில் 30 வாங்கினால் மொத்தம் பிரமாதமாக இருக்கும். ஆனால் தேர்ச்சி இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். மொத்தத்தைக் காட்டி எத்தனையோ பெற்றோர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எண்ணும் முறை வேறு.

இன்னொரு கணக்கும் போடுங்கள். சாம்பியன் ஆண்டில் சொந்த ஊரில் 35 புள்ளி, வெளியூரில் 22. இறங்கிய ஆண்டில் சொந்த ஊரில் 26, வெளியூரில் 10. வெளியூரில் 21 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, அதில் ஒன்று டெர்பியின் 7-1. வீட்டில் முழங்கியவர்கள் வெளியே போனால் ஒடுங்கிவிட்டார்கள்.

இதில் இன்னொரு உண்மையையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆட்டக்காரர்களுக்கு நாம் அநியாயம் செய்தவர்கள் ஆவோம். அந்த ஆண்டு முதலிடத்து ஆர்செனலுக்கு 52 புள்ளி. கடைசி இடத்து வெஸ்ட் பிராம்விச்சுக்கு 36. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 16தான். 38 புள்ளியோடு மட்டும் நான்கு அணிகள் தப்பின. வகுப்பில் எல்லோரும் 60க்கும் 70க்கும் நடுவில் மார்க் வாங்கினால், கடைசி ரேங்க் வாங்கியவன் மக்கு என்று சொல்ல முடியுமா? அந்த ஆண்டுப் பட்டியல் அப்படிப்பட்டது. ரேங்கை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

கடைசி நாள், 1938 மே 7. சிட்டி ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனது. அந்த அணியும் சாதாரண அணி அல்ல. 1924, 25, 26 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன் ஆனவர்கள். ஒரு வாரம் முன்புதான் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியால் பிரெஸ்டன் அணியிடம் தோற்றிருந்தார்கள். இப்போது அவர்களும் கீழே விழும் ஆபத்தில். சிட்டி வென்றிருந்தால் சிட்டிக்கு 38, ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 37. அவர்கள் இறங்கியிருப்பார்கள், இவர்கள் தப்பியிருப்பார்கள். ஆனால் ஹடர்ஸ்ஃபீல்டு 1-0 என்று வென்றது. 80 கோல் அடித்த அணிக்கு அன்று ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை.

ஊரின் மறுபாதியில் என்ன நடந்தது தெரியுமா? இரண்டாம் டிவிஷனில் யுனைடெட்டும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆளுக்கு 53 புள்ளி. கோல் விகிதத்தில் முந்தி மான்செஸ்டர் யுனைடெட் மேலே ஏறியது. ஒரே ஆண்டில் இரு வீட்டாரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

கோல் விகிதம் என்றால் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது. இதில் சிட்டிக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. 1926இல் கடைசி ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டு, நியூகாசிலிடம் 3-2 என்று தோற்று, ஒரே புள்ளியில் கீழே இறங்கினார்கள். அந்த ஆண்டும் 89 கோல் அடித்திருந்தார்கள், ஆனால் 100 வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு மேலே ஏறப் போராடி, கடைசி நாளில் பிராட்ஃபோர்டு சிட்டியை 8-0 என்று வென்றார்கள். போர்ட்ஸ்மத்தும் அதே புள்ளியில் நின்றது. போர்ட்ஸ்மத் 87ஐ 49ஆல் வகுத்தால் 1.7755. சிட்டி 108ஐ 61ஆல் வகுத்தால் 1.7705. ஆயிரத்தில் ஐந்து பங்கு குறைவு, ஏற்றம் இல்லை. ஒன்பதாவது கோல் ஒன்று விழுந்திருந்தால் என்ன விகிதம் வந்திருக்கும்? அதை நீங்களே வகுத்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கால்குலேட்டர் வேண்டாம். நான்கு தசம இடம் வரை வேண்டும்.

இறங்கிய பிறகு என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேனேஜர் வைல்டை விரட்டவில்லை. அவர் 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1938-39இல் ஐந்தாவது இடம், ஏற்றம் கிடைக்கவில்லை. அடுத்த சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே உலகப் போர் வந்துவிட்டது. லீக் நின்றது. ஆறு ஏழு ஆண்டுகள், ஆட்டக்காரர்களின் நல்ல வயது, போரோடு போனது. எரிக் புரூக் போர்க்கால ஆட்டம் ஒன்றுக்குப் போகும் வழியில் கார் விபத்தில் மண்டை உடைந்து, அதோடு ஆட்டம் முடிந்தது. கிளப்புக்காக அவர் அடித்த 177 கோல் என்ற சாதனை 2017இல் அகுவேரோ முந்தும் வரை நின்றது. டோஹெர்ட்டி டெர்பிக்குப் போய் 1946இல் கோப்பை வென்றார்.

பார்க்கஸும் ஸ்விஃப்டும் போகவில்லை. போர் முடிந்த பிறகு, 1946-47இல், சிட்டி இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பெற்று மேலே வந்தபோது தலைவர் அதே சாம் பார்க்கஸ், 37 வயதில். கோலில் நின்றவர் அதே ஃபிராங்க் ஸ்விஃப்ட். மறு ஆண்டு, 1948இல், இத்தாலியில் 4-0 என்று வென்ற இங்கிலாந்து அணிக்கே ஸ்விஃப்ட் தலைவராக இருந்தார். பிறகு பத்திரிகையாளர் ஆனார். 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில், மான்செஸ்டர் யுனைடெட் வீரர்களோடு பயணம் செய்த அவரும் இறந்தார். சிட்டிக்காரருக்காகவும் யுனைடெட்காரர்களுக்காகவும் ஊர் சேர்ந்தே அழுதது.

பிள்ளைகளே, உங்களில் சிலர் இந்த ஆண்டு கடையை மூடியிருக்கிறீர்கள். சிலருக்கு வேலை போயிருக்கிறது. போன வருடம் நன்றாகத்தானே இருந்தோம், இந்த வருடமும் குறைவாக உழைக்கவில்லையே என்று என்னிடம் போனில் கேட்டவர்களும் உண்டு. அதற்கு நான் அறிவுரை சொல்லப் போவதில்லை. இறங்கிய ஆண்டிலும் டோஹெர்ட்டி 23 கோல் அடித்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். பட்டியல் அணியைத்தான் இறக்கியது. அவர் ஆட்டத்தை அல்ல.

கணக்குக்கு விடை எழுதுபவர்கள் எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சரியான விடைக்கு இப்போதும் சிவப்பு மையில்தான் டிக் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்