பிக்ஸி மிதிவண்டி: நிறமும் பாகமும் நம் விருப்பம், பிரேக் மட்டும் கட்டாயம்

மஞ்சள் ரிம், கறுப்பு பிரேம், நீலச் செயின். கியர் மாற்றும் பிடி கிடையாது. தொங்கும் கேபிள்களும் அதிகம் இல்லை. 2010ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் சாலைகளில் அதிகம் தென்பட்ட இந்த மிதிவண்டியை இளைஞர்கள் 'பிக்ஸி' என்கிறார்கள். அந்த மோகம் பின்னர் தணிந்தது. ஆனால் தன் வண்டியைத் தானே மாற்றியமைக்கும் ஆசை தணியவில்லை. பழைய பிரேமைப் புதுப்பிக்க நினைக்கும் இளைஞர்களும், பிள்ளை கேட்கிறானே என்று யோசிக்கும் பெற்றோரும் அறிய வேண்டியவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

பிக்ஸி என்றால் என்ன?

தோட்டப்புறங்களில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு போன பழைய கறுப்பு சைக்கிளிலும் ஒரே கியர்தான் இருந்தது. ஆனால் மிதிப்பதை நிறுத்தினாலும் அது ஓடும். பின்சக்கரத்தில் உள்ள 'பிரீவீல்' அதற்குக் காரணம். பிக்ஸியில் பிரீவீல் இல்லை. பின்பற்சக்கரம் ஹப்போடு இறுகப் பிணைந்திருக்கும். சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், கால்களும் சுழன்றே ஆக வேண்டும். பெடலை எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும்.

இதன் பிறப்பிடம் பந்தயத் திடல். ஜப்பானில் 1948இல் கோகுரா நகரில் தொடங்கிய கெய்ரின் பந்தயம் இவ்வகை வண்டியில்தான் நடக்கிறது. நம் நாட்டின் அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2017இல் உலக வெற்றியாளர் பட்டமும், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றது இந்த கெய்ரின் பிரிவில்தான். அவர் ஓட்டும் வண்டியில் பிரேக் இல்லை. திடலில் எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள். அங்கே குறுக்கே வரும் காரும் இல்லை, சாலையைக் கடக்கும் பாட்டியும் இல்லை. ஜாலான் துன் சம்பந்தனில் நிலைமை வேறு.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிரேம்: பின்சக்கர அச்சு அமரும் பிளவு கிடைமட்டமாக இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினின் இறுக்கத்தைச் சரிசெய்ய முடியும். வீட்டில் கிடக்கும் தாத்தாவின் சைக்கிளிலும் அத்தகைய பிளவு இருக்கலாம். ஆனால் 28 அங்குல ரிம் கொண்ட பழைய வண்டியில் இப்போதைய 700சி சக்கரத்தைப் பூட்டினால், அதன் கம்பி பிரேக் ரிம்மில் சரியாகப் படாது. பணம் செலவழிக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஹப்: தொடக்கநிலையினருக்கு இருபக்க ஹப் ஏற்றது. ஒரு பக்கம் நிலையான பற்சக்கரம், மறுபக்கம் பிரீவீல். சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். நிலையான பற்சக்கரத்துக்கு வெளியே 'லாக்ரிங்' கட்டாயம் வேண்டும். இதன் மரை இடப்புறமாகச் சுற்றும். பெடலை எதிர்த்து அழுத்தும்போது பற்சக்கரம் கழன்று வராமல் தடுப்பது இதுதான்.

பற்களின் எண்ணிக்கை: முன்னே 46, பின்னே 16 என்பது நகரச் சமவெளிக்கு ஏற்ற அளவு. பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் நகரும். பின்சக்கரத்தை நிறுத்திச் சறுக்கி நிற்பவர்கள் இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 48க்கு 16 போட்டால் விகிதம் 3க்கு 1. ஒரே காலை முன்வைத்துச் சறுக்கும்போது ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம்தான் தேயும். 46க்கு 16 என்பது 23க்கு 8 ஆகச் சுருங்குவதால் தேய்மானம் 8 இடங்களில் பரவும். 47க்கு 17 என்றால் 17 இடங்கள். பல் எண்ணிக்கையைச் சற்று மாற்றினாலே டயர் செலவு குறையும்.

கிராங்க்: வளைவில் சாயும்போதும் பெடல் சுழன்றுகொண்டே இருக்கும். நீளமான கிராங்க் என்றால் பெடல் தரையில் இடிக்கும். அதனால் பலர் 165 மில்லிமீட்டர் கிராங்கை விரும்புகிறார்கள். வேகமாகச் சுழலும் பெடலிலிருந்து கால் நழுவாமல் இருக்கப் பட்டையும் தேவை.

டயர்: 23 மில்லிமீட்டர் டயர் அழகாக இருக்கும். ஆனால் நம் சாலைகளின் கால்வாய்க் கம்பிமூடியில் அது சிக்கிக்கொள்ளலாம். பிரேமில் இடமிருந்தால் 28 அல்லது 32 மில்லிமீட்டர் போடலாம். கேரித் தீவு போன்ற செம்மண் தோட்டப்பாதைகளுக்கு இதுவே குறைந்தபட்சம்.

நிறம் பூசும்போது

பவுடர் கோட்டிங் நீடித்து உழைக்கும். தூளைத் தெளித்து ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். எஃகு பிரேமுக்கு இது பொருத்தம். கார்பன் போர்க்கை அந்த அடுப்பில் வைக்கக் கூடாது. சூட்டில் அதன் பிசின் பலவீனமாகும்.

வீட்டிலேயே ஸ்பிரே அடிப்பவர்கள் பழைய பூச்சைத் தேய்த்து, பிரைமர், நிறம், கிளியர் என்று மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். மழை ஈரம் நிறைந்த மாலையில் அடித்தால் பூச்சு வெளுத்துப் போகும். கிராங்க் அச்சும் போர்க்கும் பூட்டும் இடங்களில் நிறம் படியாமல் டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். எஃகு குழாய்களின் உட்புறத்தில் துருத்தடுப்பு எண்ணெய் தெளிப்பது நம் தட்பவெப்பத்துக்கு அவசியம்.

நிறச் சேர்க்கையில் பிரேமுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, செயின் அல்லது கைப்பிடி டேப்புக்கு ஒன்று என மூன்றோடு நிறுத்தினால் பார்க்க நன்றாக இருக்கும். சாயமேற்றிய அலுமினியப் பாகங்கள் வெயிலில் நாளடைவில் மங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். முழுக்கறுப்பு வண்டி வைத்திருப்பவர்கள் ஒளி எதிரொலிக்கும் டேப்பை ஒட்டுவது உயிர்காப்பு.

பிரேக் இல்லாத வண்டி

வண்டியை 'சுத்தமாக' காட்டுவதற்காகப் பிரேக்கைக் கழற்றிவிடுவது பிக்ஸி உலகின் பழைய பழக்கம். வேகம் குறையும்போது உடல் எடை முன்சக்கரத்துக்குச் செல்கிறது. நிறுத்தும் ஆற்றல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் நிற்பதற்கு ஏறக்குறைய இரு மடங்கு தூரம் வேண்டும். மழையில் இன்னும் அதிகம். பிரிட்டனில் பிக்ஸிக்கு முன்பிரேக் சட்டப்படி கட்டாயம். 2016இல் லண்டனில் முன்பிரேக் இல்லாத வண்டி மோதி ஒரு மாது உயிரிழந்தார். ஓட்டிய இளைஞருக்கு மறு ஆண்டு 18 மாதத் தடுப்புத் தண்டனை கிடைத்தது.

நம் நாட்டில் இந்தப் பேச்சு வந்தாலே ஜொகூர் பாரு நினைவுக்கு வரும். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில், மாற்றியமைக்கப்பட்ட 'பாசிக்கால் லாஜாக்' சைக்கிள்களோடு சாலையில் இருந்த பதின்ம வயதினர் 8 பேர் கார் மோதி மாண்டனர். கார் ஓட்டுநர் மீதான வழக்கு நீண்டு, 2023 ஏப்ரல் 11இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்ததோடு முடிந்தது. லாஜாக் வேறு, பிக்ஸி வேறு. என்றாலும் பிரேக் இல்லாத வண்டியும் இருட்டுச் சாலையும் சேர்ந்தால் ஆபத்து ஒன்றேதான்.

போர்க்கில் பிரேக் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்பிரேக், முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, தலைக்கவசம் ஆகிய நான்கையும் வாங்கிய பிறகு மீதிப் பணத்தில் நிறத்தை யோசிக்கலாம். முதல் சில வாரங்கள் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் ஞாயிறு காலை 'கார் ஃப்ரீ மார்னிங்' போன்ற கார் இல்லாத இடங்களில் பழகுவது நலம். பல ஆண்டுகள் சைக்கிள் ஓட்டியவருக்கும், மிதிப்பதை நிறுத்த முடியாத வண்டிக்குக் கால் பழகச் சில நாள் பிடிக்கும்.