விமானப் பணிப்பெண் வேலை: எந்த நேரத்துக்குச் சம்பளம், எந்த நேரத்துக்கு இல்லை?

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆனால் விமான வேலை நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. தெற்கே ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. வடக்கே ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் 'ஏர் ஹோஸ்டஸ் பயிற்சி, வேலை உறுதி, கை நிறையச் சம்பளம்' என்ற விளம்பரங்கள் நம் பிள்ளைகளின் செல்போனுக்கு வந்துவிடுகின்றன. நகையை வட்டிக்கு அடகு வைத்தாவது கட்டணம் கட்டிவிடலாமா என்று பேசும் வீடுகளும் உண்டு.

இந்த வேலை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. இதன் பணி நேரமும் சம்பளமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதை விளக்குவதே நோக்கம். அது தெரியாமல் எடுக்கும் முடிவு, பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் பின்னால் சுமையாகிவிடக் கூடாது.

இந்த வேலை எதற்காக?

தேநீர் கொடுப்பதற்காகத்தான் பணிப்பெண்கள் இருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் பாதுகாப்புப் பணியாளர்கள். தீப்பிடித்தால், அவசரமாக இறங்க நேர்ந்தால், பயணிக்கு மூச்சுத் திணறினால் செயல்பட வேண்டியவர்கள் அவர்கள்தான். அதனால்தான் ஏறத்தாழ 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் அவர்கள் இருந்தாக வேண்டும் என்று விமான விதிகள் சொல்கின்றன. 78 இருக்கை கொண்ட ஏடிஆர் விமானத்தில் இருவர் இருப்பார்கள். 180 இருக்கை கொண்ட ஏர்பஸ்ஸில் நால்வர் இருப்பார்கள்.

இந்தியாவில் இந்த வேலையில் சேர 18 வயதும் பிளஸ் டூ தேர்ச்சியும் அடிப்படைத் தகுதிகள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, அங்கீகரித்த பயிற்சியை வேலைக்குத் தேர்வு செய்த பிறகு விமான நிறுவனமே கொடுக்கிறது. தனியார் அகாடமியின் சான்றிதழ் சட்டப்படி கட்டாயமில்லை. ஆங்கிலப் பேச்சுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அது உதவலாம். ஆனால் வேலையைத் தருவது அகாடமி அல்ல.

நாலு விதமான 'நேரம்'

மில்லிலோ கடையிலோ வேலை செய்பவருக்கு உள்ளே போனது முதல் வெளியே வருவது வரை வேலை நேரம். விமானப் பணியில் அப்படி இல்லை. ஒரே நாளை நாலு விதமாக எண்ணுகிறார்கள். உதாரணத்துக்கு, பெங்களூரிலிருந்து டெல்லி போய்த் திரும்பும் ஒரு நாளைப் பார்ப்போம்.

அதிகாலை 3 மணிக்கு வீட்டு வாசலில் வண்டி வருகிறது. 4 மணிக்கு விமான நிலையத்தில் ஆஜராக வேண்டும். மது அருந்தவில்லை என்பதற்கான மூச்சுப் பரிசோதனை, பணி விளக்கக் கூட்டம், விமானத்தில் பாதுகாப்புக் கருவிகளைச் சரிபார்த்தல், பயணிகளை ஏற்றுதல் எல்லாம் முடிந்து 5.15-க்கு விமானம் நகர்கிறது. 8.05-க்கு டெல்லி. அங்கே பயணிகளை இறக்கி, உள்ளே சரிபார்த்து, அடுத்த பயணிகளை ஏற்றி 8.50-க்குக் கிளம்பினால் 11.40-க்குப் பெங்களூரு. பணி முடித்துக் கையெழுத்திட 12.10. வீடு சேர 1.30.

இந்த நாளில் வீட்டை விட்டு வெளியே இருந்தது பத்தரை மணி நேரம். 'டியூட்டி' 8 மணி 10 நிமிடம். ஆனால் விமானம் நகரத் தொடங்கியது முதல் நிறுத்தப்பட்டது வரையான 'பிளாக் நேரம்' 5 மணி 40 நிமிடம் மட்டுமே. உலகின் பெரும்பாலான விமான நிறுவனங்களில் மணிக்கணக்குச் சம்பளம் இந்தப் பிளாக் நேரத்துக்குத்தான்.

நாலாவது, 'ஸ்டாண்ட்பை'. யாராவது வராமல் போனால் அழைப்பதற்காக, சீருடையோடு தயாராகக் காத்திருக்கும் நேரம் அது. இதற்குப் பணம் உண்டா, எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணிக்காக வேறு ஊருக்குப் பயணியாக அமர்ந்து செல்லும் நேரமும் இப்படித்தான். டியூட்டிக் கணக்கில் சேரும், ஆனால் பறந்த மணியாக எண்ணப்படாது.

மாதம் எத்தனை மணி நேரம் பறக்கலாம்?

இதற்கு உச்சவரம்பு உண்டு. இந்தியாவில் 365 நாளில் 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ஐரோப்பாவில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 900 மணி நேரம், 28 நாளில் 100 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு பணிகளுக்கு இடையே 9 மணி நேரமாக இருந்த குறைந்தபட்ச ஓய்வை 2022-ல் 10 மணி நேரமாக உயர்த்தினார்கள்.

1000 மணியை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சராசரியாக 83 மணி நேரம் வரும். ஆகவே 'மாதாமாதம் 120 மணி நேரம் பறந்து சம்பாதிக்கலாம்' என்று ஒருவர் கணக்குக் காட்டினால், அது இந்திய விதிப்படி ஆண்டு முழுவதும் நடக்க முடியாத கணக்கு. இந்த ஒரு வகுத்தலைத் தெரிந்து வைத்திருந்தாலே பல ஆசை வார்த்தைகளிலிருந்து தப்பிக்கலாம்.

ஓய்வு விதிகள் பயணிகளான நம்மையும் தொடுபவை. விமானிகளுக்கான வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய புதிய விதிகளுக்குப் போதிய ஆட்களைத் தயார் செய்யாததால், 2025 டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதைப் பார்த்தோம். பணிப்பெண்களுக்கான விதிகள் தனி. ஆனால் அடிப்படை ஒன்றுதான். களைத்துப் போனவர் கையில் பயணிகளின் உயிரை ஒப்படைக்கக் கூடாது.

சம்பளம் எப்படிச் சேர்கிறது?

பொதுவாக மூன்று பகுதிகள். ஒன்று, பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் நிலையான சம்பளம். இரண்டு, பறந்த மணிக்கு இவ்வளவு என்ற தொகை. மூன்று, வெளியூரில் தங்கும்போது உணவுக்கான படி.

வளைகுடாவில் ஒரு நிறுவனம் வெளிப்படையாகவே கணக்கை அறிவித்திருக்கிறது. எமிரேட்ஸ் தன் வேலைவாய்ப்பு அறிவிப்பில் அடிப்படைச் சம்பளம் மாதம் 4,430 திர்ஹம், பறக்கும் மணிக்கு 63.75 திர்ஹம், மாதம் 80 முதல் 100 மணி நேரம், சராசரியாக மொத்தம் 10,170 திர்ஹம் என்று சொல்லியிருந்தது. தங்குமிடம் தனி. இந்தக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 90 மணி நேரம் பறந்தால்தான் அந்த 10,170. ஏதோ காரணத்தால் ஒரு மாதம் 60 மணி நேரம் மட்டும் கிடைத்தால் 8,255. பறக்கவே இல்லையென்றால் கையில் நிற்பது 4,430 மட்டும். மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் விமானத்தின் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது.

அதனால்தான் நோய், விடுப்பு, கர்ப்பம், கொரோனா போன்ற முடக்கம் வரும்போது பணிப்பெண்களின் வருமானம் மற்றவர்களைவிட வேகமாகச் சரிகிறது. 'குறைந்தபட்ச உத்தரவாத மணி' என்ற ஏற்பாடு உள்ள நிறுவனத்தில், பறக்காவிட்டாலும் அத்தனை மணிக்கான பணம் வரும். நேர்முகத் தேர்வில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இந்தியாவில் இன்னொரு விஷயம். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் படிகளை விட்டுவிட்டு 'ஊதியம்' என்ற தொகையின் மேல் கணக்கிடப்படுகின்றன. சம்பளத்தைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் காட்டினால், பிற்காலச் சேமிப்பு குறையும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடைக்கு உரியவர் ஆகிறார். இந்தத் துறையில் ஒப்பந்த வேலை அதிகம் என்பதால் இதை மனத்தில் வையுங்கள்.

தரையில் செய்யும் வேலைக்குக் கூலி

பயணிகளை ஏற்றும் அரை மணி, முக்கால் மணி நேரம்தான் பணிப்பெண்ணுக்கு மிகக் கடினமான நேரம். பெட்டியை மேலே வைக்க இடமில்லை என்ற சண்டை, அழும் குழந்தை, நடக்க முடியாத பெரியவர் எல்லாம் அப்போதுதான். அந்த நேரத்துக்கு மணிக்கூலி இல்லை என்பது உலகம் முழுதும் உள்ள மனக்குறை. 2022-ல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி மணிக்கூலி கொடுக்கத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் 10,000-க்கும் மேற்பட்ட பணியாளர்கள் இதை முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களில் தரைப் பணிக்கும் ஒரு பங்கு ஊதியம் என்ற உடன்பாடு ஏற்பட்டது.

நம் நாட்டில் 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். சம்பளப் படிகளும் நிர்வாகம் நடத்தும் விதமும் அவர்களின் குறை. வளைகுடா செல்லும் விமானங்கள் பல ரத்தாகி, வேலைக்குத் திரும்ப வேண்டிய பலர் விமான நிலையங்களில் தவித்தார்கள். நிர்வாகம் சுமார் 25 பேரைப் பணிநீக்கம் செய்தது. டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் நடந்த பேச்சில் மே 9 அன்று அந்தப் பணிநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. விமானத் துறைத் தொழில் தகராறுகள் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையரிடம் போகும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் மார்க்கம் முதலாளிகளுக்குச் சொல்லும் கட்டளை. எது உழைப்பு என்று எண்ணுவதிலேயே நேர்மை தேவை என்பதை இந்தத் துறை நமக்குக் காட்டுகிறது.

திருமணம், குழந்தை

ஒரு காலத்தில் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வேலையில் சேர்ந்து நாலு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தாலும், முதல் முறை கருவுற்றாலும் வேலை போய்விடும். 1981-ல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்குவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாலு ஆண்டுத் திருமணக் கட்டுப்பாட்டை மட்டும் அப்போது ஏற்றுக்கொண்டது. இன்று முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு சட்டப்படி உண்டு. ஆனால் கருவுற்ற பெண் பறக்கும் பணியிலிருந்து விலக்கப்படுவதால், மீதி மாதங்களில் தரைப் பணி கிடைக்குமா, என்ன சம்பளம் என்பதை முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

மார்க்கம் சார்ந்த கேள்விகள்

இதில் நாம் ஃபத்வா சொல்லவில்லை. தகவலை மட்டும் வைக்கிறோம். இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் மது பரிமாறப்படுவதில்லை. சவுதியா, ஏர் அரேபியா, ராயல் புருனே விமானங்களிலும் இல்லை. எமிரேட்ஸ், கத்தார், எத்திஹாத் போன்றவற்றில் மது பரிமாறுவது பணியின் ஒரு பகுதி. தலை மறைக்கும் சீருடை ராயல் புருனே போன்ற சிலவற்றில் மட்டுமே உண்டு. தொழுகையைச் சுருக்கவும் நோன்பைப் பின்னர் நோற்கவும் பயணிக்குச் சலுகை இருப்பதை நாம் அறிவோம். ஆனால் பயணமே தொழிலாக இருப்பவரின் நிலை, மஹ்ரம் இல்லாமல் வெளியூரில் தங்குவது ஆகியவை குறித்து உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பிறகே விண்ணப்பியுங்கள். சேர்ந்த பிறகு கேட்பதைவிட அது எளிது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

- நிலையான சம்பளம் எவ்வளவு? மணிக்கூலி எவ்வளவு? உத்தரவாத மணி எத்தனை?
- பயிற்சிக் காலத்திலும் ஸ்டாண்ட்பை நாளிலும் என்ன கிடைக்கும்?
- வார ஓய்வு எத்தனை மணி? ரோஸ்டர் எத்தனை நாள் முன்பு தெரியும்?
- தங்குமிடம், இரவுப் போக்குவரத்து யார் பொறுப்பு?
- பாண்டு உண்டா? இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 2 லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 'சும்மா கையெழுத்துதான்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.
- வெளிநாட்டு வேலை என்றால் முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா? பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு, நாம் மேலே போட்ட கணக்கைப் போல நீங்களும் ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறைவாகப் பறக்கும் மாதத்திலும் பெங்களூரு வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் நிற்கிறதா என்பதே முடிவு எடுக்க உதவும் அளவுகோல்.

நம்மில் பலர் இந்த வேலைக்குப் போகப் போவதில்லை. ஆனால் உம்ராவுக்கோ, வளைகுடாவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கவோ விமானம் ஏறுவோம். வாசலில் நின்று ஸலாமுக்குப் பதில் சொல்லி, நம் பெட்டியைத் தூக்கி வைக்கும் அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்துக்குக் கூலி ஓடாமலேயே இருக்கலாம். சீட்டில் சீக்கிரம் அமர்வதும் ஒரு நன்றி சொல்வதும் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான வாழ்வாதாரத்தைத் தந்து, அவர்களின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.