காவலூர் வானியல் புள்ளியியல் பள்ளி

காவலூர் வானியல் புள்ளியியல் பள்ளி என்பது வானியல் ஆய்வு மாணவர்களுக்கு அறிமுக நிலையைக் கடந்த புள்ளியியலைக் கற்பிப்பதற்காகச் சவ்வாது மலையில் நடத்தப்பட்ட குறுகிய காலப் பயிற்சி ஆகும். இந்திய வானியற்பியல் மையமும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் இணைந்து, 2008 ஆம் ஆண்டு சூலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இதனை நடத்தின. பின்னரும் இப்பள்ளி அங்கு நடைபெற்றுள்ளது.

பின்னணி

இயற்பியல் பட்டப்படிப்பில் புள்ளியியல் பெரும்பாலும் சராசரி, திட்ட விலக்கம், இழிவு வர்க்க முறை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. வானியல் தரவுகளுக்கு இவை போதுமானவை அல்ல. விண்மீன்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க இயலாது. வந்தடையும் ஒளியைக் கொண்டே முடிவு காண வேண்டும். இக்குறையைப் போக்க வானியலாளர் எரிக் பைகல்சனும் புள்ளியியலாளர் ஜோகேஷ் பாபுவும் பென்சில்வேனியாவில் 2005 முதல் கோடைக்காலப் பள்ளியை நடத்தினர். காவலூர்ப் பள்ளி அதன் வழிவந்தது.

தேவைப்படும் முறைகள்

தொலைநோக்கிக்குப் புலப்படாத மங்கலான பொருள்களுக்கு, 'ஒளிர்வு இந்த அளவைவிடக் குறைவு' என்ற மேல் எல்லை மட்டுமே கிடைக்கும். அவற்றை விட்டுவிட்டுச் சராசரி கண்டால், விடை உண்மையைவிட மிகுதியாக வரும். மருத்துவத்தில் நோயாளிகளின் வாழ்நாளைக் கணிக்கப் பயன்படும் பிழைத்திருத்தல் பகுப்பாய்வு இங்கு உதவுகிறது. இதனை வானியலுக்கு ஏற்றவாறு பைகல்சனும் நெல்சனும் 1985 இல் விளக்கினர்.

மாறொளிர் விண்மீன்களை நோக்கும்போது பகலும் மேகமும் பருவமழையும் தரவில் இடைவெளிகளை உண்டாக்குகின்றன. சம இடைவெளித் தரவுக்கான வழக்கமான முறைகள் இதில் பொய்யான அலைவுக் காலங்களைக் காட்டக்கூடும். இத்தகைய தரவுக்கு லோம்ப் (1976), சுகார்கில் (1982) ஆகியோரின் முறை பயன்படுகிறது.

இவற்றுடன் பேயசின் அனுமானம், மீள்மாதிரி எடுத்தல், பல்மாறிப் பகுப்பாய்வு ஆகியனவும் வானியலாளருக்குத் தேவைப்படுகின்றன.

கற்பித்தல்

விரிவுரையோடு கணினிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. தேற்றங்களின் நிறுவலைவிட, ஒரு முறை எந்த எடுகோளின்மீது நிற்கிறது, எப்போது தவறும் என்பதை அறிவதே துறைசாராத மாணவருக்கு முதன்மையானது. பயிற்சிக்குக் கட்டற்ற மென்பொருளான 'ஆர்' பயன்பட்டது. பைகல்சனும் பாபுவும் 2012 இல் வெளியிட்ட பாடநூலும் இம்மென்பொருளையே கையாள்கிறது.

இடம்

வைணு பாப்பு வானாய்வகம் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. இங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரி 6 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதனால் தரவு பிறக்கும் இடத்திலேயே அதனைப் பகுத்தாயவும் மாணவர்கள் கற்றனர்.