ஒன்றைக் கழித்த கதை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோறு வெந்ததா என்று அறிய அந்த ஒரு பருக்கை போதும். ஆனால் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கிறதா, அடியில் குழைந்தும் மேலே விறைத்தும் கிடக்கிறதா என்ற கேள்விக்கு ஒற்றைப் பருக்கையால் விடை சொல்ல இயலாது. புள்ளியியலில் இந்த இரண்டாம் கேள்விக்கு விடையாக அமைவது பரவற்படி. எண்கள் தம் சராசரியிலிருந்து விலகும் அளவுகளைக் கண்டு, அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி, பின் வகுத்துப் பெறுவது அது. எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் ஒரு நெடிய வரலாறு அடங்கியிருக்கிறது.

இக்கணக்கைக் கணினியிடம் ஒப்படைப்பவர் அவ்வரலாற்றின் வாசலில் நிற்கிறார். எக்செல் மென்பொருளின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘வார்.பி’, ‘வார்.எஸ்’ என இரு கட்டளைகள் அறிமுகமாயின. முன்னது எண்ணிக்கையால் வகுக்கும். பின்னது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கும். ‘ஆர்’ மொழி தானாகவே ஒன்றைக் கழித்துக்கொள்ளும். பைத்தானின் ‘நம்பை’ நூலகம் நாம் வேறு சொல்லாதவரை கழிப்பதில்லை. அதே பைத்தானின் ‘பாண்டாஸ்’ நூலகமோ கழிக்கும். தரவு ஒன்று, விடை இரண்டு.

ஏன் கழிக்க வேண்டும்? 2, 4, 6, 8 என நான்கு அளவைகள் கிடைத்தன என்று கொள்வோம். சராசரி 5. விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 9+1+1+9, அதாவது 20. இந்நான்கும் ஒரு பெருந்தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. அதன் உண்மைச் சராசரி 6 என்றிருந்தால், கூட்டுத்தொகை 24 ஆகியிருக்கும். உண்மைச் சராசரி எதுவாயினும், 20க்குக் கீழே இத்தொகை இறங்காது. ஏனெனில் மாதிரியின் சராசரி அம்மாதிரியிலிருந்தே பிறந்தது. தன் பிள்ளைகளுக்கு அது மிக அருகிலேயே நிற்கும். எனவே நான்கால் வகுத்தால் கிடைக்கும் பரவற்படி, சராசரியாக, உண்மையின் முக்கால் பங்கே இருக்கும். மூன்றால் வகுத்தால் அக்குறை நீங்குகிறது. ஆயிரம் அளவைகள் இருந்தால் இவ்வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இதனை முதலில் தெளிவாகக் கண்டவர் ஜெர்மானியக் கணித மேதை காவுஸ். வானியல், நில அளவை ஆகியவற்றில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1823இல் வெளியிட்ட நூலில், அளவைகளிலிருந்தே கணித்தறிந்த அறியாக் கணியங்கள் எத்தனையோ அத்தனையை வகுக்கும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும் என்று அவர் நிறுவினார். இன்று இத்திருத்தம் அவருடைய நண்பரான வானியலாளர் பெசலின் பெயரால் வழங்குகிறது.

ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் புள்ளியியல் உலகில் இது பெரிதாகக் கருதப்படவில்லை. அங்கு கோலோச்சியவர் கார்ல் பியர்சன். அவர் கையாண்டவை பெரும் மாதிரிகள்; அவற்றில் ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையில் நிலைமை வேறு. அங்கு பணியாற்றிய வில்லியம் கோசெட், வாற்கோதுமைச் சோதனைகளில் கிடைத்த விரல்விட்டு எண்ணக்கூடிய அளவைகளை வைத்தே முடிவுகாண வேண்டியிருந்தது. 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, கலைத்து, நான்கு நான்காக எடுத்து, 750 சிறு மாதிரிகளை அவர் ஆராய்ந்தார். ஊழியர் தம் பெயரில் எழுத ஆலை இசையாமையால், 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அக்கட்டுரை வெளிவந்தது. வியப்பு என்னவெனில், சிறு மாதிரிகளின் தந்தையான அவரே அதில் முழு எண்ணிக்கையால்தான் வகுத்திருந்தார்.

1912இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞர், ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று கோசெட்டுக்கு எழுதினார். கோசெட் அதைப் பியர்சனின் பார்வைக்கு அனுப்ப, அத்தனை சிறிய மாதிரியை எடுப்பவர்கள் குறும்புக்கார ஆலைக்காரர்கள் மட்டுமே என்ற பொருள்பட அவர் பதிலளித்தார். ஃபிஷர் விடவில்லை. பரவற்படிக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1918இல் சூட்டினார். நான்கு விலக்கங்களின் கூட்டுத்தொகை சுழியாக வேண்டுமாதலால், மூன்று தெரிந்ததும் நான்காவது தானே கட்டுப்பட்டுவிடுகிறது, கட்டுப்படாதவை மூன்றே. இக்கருத்தை 1922இல் வளர்த்தெடுத்து, 1925இல் வெளிவந்த தம் நூலின் வழியே ஆய்வாளர்களிடம் கொண்டுசேர்த்தார்.

அப்படியாயின் எப்போதும் ஒன்றைக் கழிப்பதே சரியா? இல்லை. நம் வகுப்பில் 40 மாணவர்கள். அவர்களுடைய மதிப்பெண்களை மட்டுமே பேசுகிறோம் என்றால், 40ஆல் வகுப்பதே முறை. அவர்களே முழுத் தொகுதி. அவர்களைக் கொண்டு இனி வரப்போகும் மாணவர்களைப் பற்றிப் பேசத் துணிந்தால், 39ஆல் வகுக்க வேண்டும். எண்கள் மாறவில்லை, நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மாறிவிட்டது. அதைக் கணினி அறியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இறுதியாக, அந்த ஒற்றைப் பருக்கைக்கு வருவோம். ஒரே ஓர் எண்ணைக் கொடுத்துப் பரவற்படி கேட்டால், ‘வார்.பி’ சுழி என்று விடை தரும். கையிலுள்ள அந்த ஒரு பருக்கையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அதைப் பானைக்கு ஏற்றினால், பானை முழுதும் ஒரே பதம் என்று சாதிப்பதாகிவிடும். ‘வார்.எஸ்’ சுழியால் வகுக்க இயலாது என்று பிழை காட்டி நின்றுவிடும். அதைப் பழுதென்று எண்ணி எரிச்சலடைகிறோம். பானையைப் பற்றிக் கேட்டவருக்கு ‘தெரியாது’ என்பதைவிட நேர்மையான விடை உண்டா?