மூணாற்றுப் பின்லே கேடயம்

தேவிகுளம் மலைநாட்டின் தேயிலை வரலாற்றை எழுதுவோர் ஆலையையும் ஆங்கிலத் துரைமாரையுமே பெரிதும் பேசுவர். பந்து உதைத்த தொழிலாளரைப் பேசுவோர் அரியர். 1941-இல், உலகப் போர் மூண்டிருந்த வேளையில், மூணாற்றில் பின்லே கேடயக் கால்பந்துப் போட்டி தொடங்கிற்று. கண்ணன் தேவன் மலைகளில் தோட்டத்திற்கு ஓர் அணி. ஆடியோருள் பலர் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணியரால் மலையேற்றப்பட்டோரின் வழியினர். கொழுந்தும் கவாத்துமாய்க் கழிந்த வாழ்வில், தம் தோட்டத்தின் பெயரைத் தாமே தாங்கி நிற்கும் பெருமை அவர்கட்கு அத்திடலிலேதான் கிட்டியது எனல் மிகையன்று.

முதற் போட்டி நடந்தபோது அது திருவிதாங்கூர்ச் சீமை, 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். தேவிகுளம் தமிழகத்தோடு சேர வேண்டுமென்ற கிளர்ச்சி இடையே எழுந்ததையும், அது கைகூடாது போனதையும் நம் சங்கத்து முதியோர் நன்கறிவர். 1972-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. எல்லைகள் இத்தனை முறை மாறியும் (கணக்கெடுத்தால் தலை சுற்றும்!) கேடயம் மூணாற்றை விட்டு அகலவில்லை. தோட்டங்களும் கைமாறின: 1983-இல் டாட்டா டீ என்றாயிற்று, 2005-இல் தொழிலாளரும் பங்குதாரராகிய புதிய கம்பெனி வந்தது. துரைமார் கப்பலேறிப் பல்லாண்டு ஆன பின்னும், தொழிலாளர் பிள்ளைகள் வென்றெடுக்கும் கேடயத்திற்குப் பெயர் மட்டும் பின்லே என்றே நின்றுவிட்டது.