வீட்டுக்கு வந்த காசுப் பெட்டிகள்

ஒரு பொருள் சேகரிப்புக்கு உரியதாக மாறுவதற்கு முன், பெரும்பாலும் அது ஒருமுறை குப்பையாக இருந்தாக வேண்டியிருக்கிறது. புழக்கத்தில் உள்ளவரை அதை எவரும் சேகரிப்பதில்லை, பயன்படுத்துகிறார்கள். புழக்கம் ஒழிந்ததும் அது இடத்தை அடைக்கும் சுமையாகிறது. உடைக்கப்படுகிறது, எரிக்கப்படுகிறது, எடைக்குப் போடப்படுகிறது. அந்த அழிவில் தப்பியவற்றை யாரோ சிலர் தேடத் தொடங்கும்போது அதன் மூன்றாம் பருவம் பிறக்கிறது. இம்மூன்று பருவங்களையும் கடக்க நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட பொருட்கள் உண்டு. காசு போட்டு ஆடும் ஆர்கேட் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளோ இருபதே ஆண்டுகளில் கடந்துவிட்டன. ஆளுயரம் நிற்பவையும் நூறு கிலோவுக்கு மேல் கனப்பவையுமான இந்தப் பெட்டிகளை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் சிலர் தம் வீட்டுக் கராஜிலும் நிலவறையிலும் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1972ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கூடத்தில் அட்டாரி நிறுவனம் 'பாங்' விளையாட்டின் முதல் பெட்டியை வைத்தது. அதை வடிவமைத்தவர் ஆலன் ஆல்கார்ன். சில நாட்களில் பெட்டி பழுதாகிவிட்டது என்று அழைப்பு வந்தது. போய்த் திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்து இயக்கம் நின்றிருந்தது. இத்தொழிலின் தோற்றக் கதையாக இதையே எல்லோரும் சொல்கிறார்கள். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கினார். 1979இல் 'ஆஸ்டிராய்ட்ஸ்', 1980இல் டோரு இவாடானியின் 'பேக்மேன்', 1981இல் ஷிகெரு மியாமோட்டோவின் 'டாங்கி காங்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'ஆஸ்டிராய்ட்ஸ்' மட்டுமே எழுபதாயிரம் பெட்டிகளுக்கு மேல் விற்றது. 1982 ஜனவரியில் 'டைம்' இதழ் வீடியோ விளையாட்டுகளைத் தன் அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். இப்பெட்டிகள் ஆடுபவர்களுக்கு விற்கப்பட்டவை அல்ல. இவற்றை வாங்கியவர்கள் தொழில்முறை முதலாளிகள். மதுக்கூடம், சலவைக்கூடம், பீட்சாக்கடை, பேருந்து நிலையம் என்று பல இடங்களில் வைத்து, வசூலை இடத்துக்காரரோடு பங்கிட்டுக்கொண்டவர்கள். அவர்களைப் பொறுத்தவரை பெட்டி என்பது உழைக்கும் மாடு. வசூல் குறைந்தால் அதற்குத் தீனி இல்லை.

1982இன் நடுப்பகுதியிலிருந்தே வசூல் சரியத் தொடங்கியது. அப்போது முதலாளிகள் செய்ததைச் சேகரிப்பாளர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. பழைய பெட்டியின் உள்ளிருக்கும் மின்னணுப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிய விளையாட்டின் பலகையைப் பொருத்தினார்கள். பக்கவாட்டில் இருந்த ஓவியத்தின் மேல் கறுப்பு வண்ணம் பூசினார்கள். விசைப்பலகையில் புதுத் துளைகள் போட்டார்கள். புதுப்பெட்டி வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான் இதற்குப் பிடித்தது. வணிகக் கணக்கில் இதில் குற்றம் காண இடமில்லை. சொல்லப்போனால் 'டாங்கி காங்' பிறந்ததே இப்படித்தான். அமெரிக்காவில் விற்காமல் தேங்கிய 'ரேடார் ஸ்கோப்' பெட்டிகள் ஏறத்தாழ இரண்டாயிரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அவற்றினுள் பொருத்துவதற்கென்றே நிண்டெண்டோ அவ்விளையாட்டை உருவாக்கியது. அந்த முதல் பெட்டிகள் சிவப்பு நிறம். பின்னர் வந்தவை நீலம். அன்று தேங்கிய சரக்காக இருந்த அந்தச் சிவப்புப் பெட்டிகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று விரும்பித் தேடுகிறார்கள்.

எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் முதலாளிகள் தம் கிடங்குகளைக் காலி செய்தபோது பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. முதல் தலைமுறைச் சேகரிப்பாளர்கள் உருவானது அங்கேதான். பதின்மூன்று வயதில் கையில் இருந்த நான்கு காசும் தீர்ந்து, பிறர் ஆடுவதை நின்று பார்த்தவர்கள், முப்பது வயதில் சம்பளக்காரர்களாகி ஏலக்கூடத்துக்கு வந்தார்கள். பெரும்பாலோருக்கும் நோக்கம் ஒன்றுதான்: தமக்குப் பிடித்த அந்த ஒரே விளையாட்டு. சேகரிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை.

ஒன்று எவ்வாறு பத்தாகிறது என்பதற்கு ஆசையைக் காட்டிலும் பழுதே முதன்மையான காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. மலிவாகக் கிடைத்த பெட்டி ஓடாது. அதை ஓடவைக்க உதிரிப் பொருள் தேவை. உதிரிப் பொருள் தயாரிப்பில் இல்லை. ஆகவே அதே மாதிரியில் இன்னொரு பழுதான பெட்டியை வாங்க வேண்டும். வாங்கியதைப் பிரித்துப் பார்த்தால் அதுவும் காப்பாற்றக் கூடியதாகவே இருக்கிறது. இப்போது இரண்டு. இதற்குள் பற்றவைக்கும் கோலைப் பிடிக்கக் கை பழகிவிட்டது. அடுத்த தெருவில் ஒருவர் தம் பெட்டியை வீசப்போவதாகச் செய்தி வருகிறது, மூன்றாவதும் வந்துவிடுகிறது. வாசல் நிலையை அளந்து பார்க்காமல் வாங்கிவிட்டுக் கதவைக் கழற்றும் படலம் தனி.

பழுது நீக்குவதும் எளிய வேலையன்று. அக்காலப் பெட்டிகளில் உள்ளவை படக்குழாய்த் திரைகள். அணைத்து வைத்த பின்னும் அவற்றில் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். முறைப்படி அதை வெளியேற்றாமல் கைவைத்தால் ஆபத்து. திரையின் இயக்கப் பலகையில் உள்ள மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்துவிடும். படம் வளையும், நடுங்கும், சுருங்கும். அவற்றை ஒட்டுமொத்தமாக மாற்றுவது இத்துறையில் அரிச்சுவடி. 1981இல் வந்த 'டிஃபெண்டர்' போன்ற வில்லியம்ஸ் நிறுவனப் பெட்டிகளில், உச்ச மதிப்பெண்களை நினைவில் வைக்க மூன்று சாதாரண பேட்டரிகள் பொருத்தப்பட்டிருந்தன. மறந்து விடப்பட்ட அந்த பேட்டரிகள் கசிந்து பலகையின் செம்புத் தடங்களை அரித்துவிட்டன.

இதைவிடக் கொடியது காப்காம் நிறுவனத்தின் ஏற்பாடு. தன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டுக்குப் போலிகள் பெருகியதைக் கண்ட அந்நிறுவனம், 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 என்னும் பலகைகளில் நிரலைப் பூட்டி வைத்தது. திறவுகோல் ஒரு சிறு பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழியும்; பலகை ஊமையாகும். சேகரிப்பாளர்கள் இதைத் 'தற்கொலை பேட்டரி' என்றே அழைத்தார்கள். 2001இல் ஆர்வலர்கள் சிலர் பூட்டு நீக்கிய நிரல்களை வெளிக்கொணர்ந்தார்கள்; 2007இல் அந்தப் பூட்டின் முறையே முழுவதுமாகக் கண்டறியப்பட்டது. இறந்த பலகைகளுக்கு உயிர் வந்தது. அப்படி மீண்டவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பீனிக்ஸ்'.

1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 'மேம்' என்ற மென்பொருளின் முதல் வடிவத்தை வெளியிட்டார். பழைய ஆர்கேட் வன்பொருளைக் கணினிக்குள் பாவனை செய்து, அசல் நிரலையே ஓடவைப்பது அது. காலப்போக்கில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அதனுள் அடங்கின. பெட்டிகளின் தேவை இத்துடன் ஒழிந்தது என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. கணினியில் ஆடியவர்களுள் பலர், விசைப்பலகையில் ஆடுவது போதாதென்று ஒரு மரப்பெட்டி செய்து கணினியை அதனுள் வைத்தார்கள்; அதுவும் போதாமல் அசல் பெட்டியைத் தேடிப் போனார்கள். 2018இல் ஆர்கேட்1அப் நிறுவனம் முக்கால் அளவுப் பெட்டிகளைக் கடைகளில் விற்கத் தொடங்கியபோதும் சிலருக்கு அதுவே முதற்படியாயிற்று.

ஏட்டில் உள்ள பாடம் வேறு, ஏடு வேறு என்பதைச் சுவடியோடு பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிரலைப் பாடம் என்று கொண்டால், மேம் செய்தது பதிப்புப் பணி. சேகரிப்பாளர்கள் செய்வது ஏட்டைக் காக்கும் பணி. ஆர்கேட் விளையாட்டில் ஏட்டுக்குரிய பங்கு மிகுதி. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டின் அமெரிக்கப் பெட்டியில் திரை கீழே படுத்திருக்கும். அதன் பிம்பம் கண்ணாடியில் பட்டு, பின்னால் அட்டையில் தீட்டப்பட்ட நிலவின் பரப்பின் மேல் மிதக்கும். நிரலில் அந்த நிலவு இல்லை. 'ஆஸ்டிராய்ட்ஸ்' பெட்டியின் திரை புள்ளிகளால் ஆனதன்று. மின்கற்றை நேராகக் கோடு இழுத்து வரைவது. ஏவுகணை ஒளிரும் அந்தக் கூர்மையை இன்றைய தட்டைத் திரை அப்படியே தருவதில்லை. இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகள் இரவும் பகலும் எரிந்த திரையில் 'பேக்மேன்' விளையாட்டின் புதிர்வழி நிரந்தரமாகச் சுட்டுப் பதிந்துவிடும். பின்னர் வேறு விளையாட்டை ஓட்டினாலும் அடியில் அந்த நீலக் கோடுகளின் நிழல் தெரியும். எத்தனையோ முகமறியாத மனிதர்கள் காசு போட்டுப் பதித்த தடம் அது.

இத்தேடலின் உச்சமாக ஒரு நிகழ்வைச் சொல்லலாம். பெல்ஃபாஸ்டில் கட்டப்பட்டு 1956இல் ஓடத் தொடங்கிய 'டியூக் ஆஃப் லங்காஸ்டர்' என்ற பயணிகள் கப்பல், 1979இல் வடக்கு வேல்ஸின் கரையோரத்தில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அதைக் கேளிக்கைக் கப்பலாக்கும் முயற்சி சில காலம் நடந்து முடிந்துபோனது. கப்பல் பூட்டிக் கிடந்தது. உள்ளே எண்பதுகளின் ஆர்கேட் பெட்டிகள் டஜன் கணக்கில் அப்படியே நின்றிருந்தன. 2010களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் சிலர் உரிமையாளரோடு பேசி, அவற்றை விலைக்கு வாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். துருவும் ஈரமும் ஏறிய அப்பெட்டிகள் பல வீடுகளுக்குப் பிரிந்து சென்று மீண்டும் ஒளிர்ந்தன. அவர்கள் செய்யாதிருந்தால் அவை அங்கேயே மட்கியிருக்கும்.

ஆயினும் வீட்டுக்கு வந்ததனால் பெட்டி ஒன்றை இழக்கவே செய்கிறது. ஆர்கேட் விளையாட்டு சில நிமிடங்களில் ஆடுபவரைத் தோற்கடிக்கும்படி அமைக்கப்பட்டது. அடுத்த காசு விழ வேண்டும் என்பதே அதன் இலக்கணம். பலகையில் ஒரு சிறு விசையை மாற்றினால் காசில்லாமல் எத்தனை முறையும் ஆடலாம். மாற்றியவர்களுள் சிலர், இரண்டு வாரத்தில் விளையாட்டின் சுவை குன்றிவிடுவதைக் கண்டு திரும்பக் காசுப்பெட்டியை இயக்கிவிடுகிறார்கள். சொந்தக் காசைத் தாமே போட்டுத் தாமே எடுத்துக்கொள்கிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஒரு புரிதல் இருக்கிறது. இழப்பதற்கு ஏதேனும் இருந்தால்தான் அது ஆட்டம். தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் அந்நியரை மட்டும் எந்த விசையாலும் வரவழைக்க முடியாது.

தனிவீட்டுக் காப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. அட்டாரி 1982இல் சோதித்துப் பார்த்துக் கைவிட்ட 'அக்கா ஆர்' விளையாட்டின் பெட்டிகள் மூன்று மட்டுமே எஞ்சியதாக அறியப்பட்டது. அதன் நிரல் நெடுங்காலம் வெளிவரவில்லை. 2019இல் அது திடீரென்று பொதுவெளிக்கு வந்தது. உரியவரின் இசைவோடு வந்ததா என்பது பெரும் சர்ச்சையாயிற்று. 2022இல் அட்டாரியே தன் ஐம்பதாம் ஆண்டுத் தொகுப்பில் அதைச் சேர்த்து வெளியிட்டது. காப்பாற்றியவருக்குப் பூட்டி வைக்கவும் உரிமை உண்டா? சட்டத்தின் விடை எளிது. பண்பாட்டின் விடை அவ்வளவு எளிதாக இல்லை.

சேகரிப்பாளர்களுள் ஒரு பகுதியினர் இதற்குத் தம் அளவில் விடை கண்டிருக்கிறார்கள். 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'கலிபோர்னியா எக்ஸ்ட்ரீம்' கண்காட்சிக்குத் தம் வீட்டுப் பெட்டிகளைச் சுமந்துவந்து பொதுமக்களை ஆடவிடுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் ஃபன்ஸ்பாட் கேளிக்கைக்கூடத்தினுள் 1998இல் ஓர் ஆர்கேட் அருங்காட்சியகமே எழுந்தது. 2010இல் இல்லினாய் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் திறக்கப்பட்ட 'கேலோப்பிங் கோஸ்ட்', நுழைவுக் கட்டணம் மட்டும் பெற்றுக்கொண்டு நூற்றுக்கணக்கான பெட்டிகளை நாள் முழுதும் ஆட அனுமதித்தது. கராஜிலிருந்து பெட்டி மறுபடியும் பொதுவிடத்துக்கு நடந்து போகிறது.

காலம் அதிகம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படக்குழாய் தயாரித்த பெருநிறுவனங்கள் அத்தொழிலை விட்டுவிட்டன. இருக்கும் குழாய்கள் தேய்ந்துகொண்டே போகின்றன. 1981இல் பதின்மூன்று வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதை நெருங்குபவர்கள். பெட்டியைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். நடுங்கும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த மின்தேக்கி உலர்ந்தது என்று சொல்லும் அறிவை எழுதிவைக்க முடியாது. அதை அருகில் நின்று பார்த்துத்தான் கற்க வேண்டும். இப்போது ஒரு சேகரிப்பாளர் தம் கராஜைத் திறந்து அண்டை வீட்டுச் சிறுவனை உள்ளே அழைக்கும்போது, ஆடச் சொல்வதோடு நில்லாமல், பின்பலகையைக் கழற்றிக் காட்டவும் வேண்டியிருக்கிறது.