நகமுரா எதிர் குகேஷ் (2024)

நகமுரா எதிர் குகேஷ் என்பது 2024 ஏப்ரல் 21 அன்று கனடாவின் டொராண்டோ நகரில், கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டியின் 14ஆவதும் இறுதியுமான சுற்றில் ஆடப்பட்ட ஆட்டமாகும். அமெரிக்காவின் இகாரு நகமுரா வெள்ளைக் காய்களுடனும், சென்னையைச் சேர்ந்த 17 வயது தொ. குகேஷ் கறுப்புக் காய்களுடனும் ஆடினர். 71 நகர்த்தல்களுக்குப் பின் ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

பின்னணி

அப்போதைய உலக வாகையரான சீனாவின் டிங் லிரெனை எதிர்த்து ஆடும் உரிமை இப்போட்டியில் முதலிடம் பெறுபவருக்கு உரியதாக இருந்தது. 13 சுற்றுகளின் முடிவில் குகேஷ் 8.5 புள்ளிகளும், நகமுரா, கருவானா, நெப்போம்னியாச்சி ஆகிய மூவரும் தலா 8 புள்ளிகளும் பெற்றிருந்தனர். ஆகவே நகமுராவுக்கு வெற்றி கட்டாயம். குகேஷுக்குச் சமநிலை போதும் என்று கூறிவிட முடியாது. மற்ற இருவரும் அதே சுற்றில் தமக்குள் மோதினர். அவர்களில் ஒருவர் வென்றால் 9 புள்ளிகளுடன் குகேஷைச் சமன் செய்து, சமன்முறி ஆட்டத்துக்கு வழிவகுத்திருப்பார்.

தொடக்கம்

ஆட்டம் ஏற்கப்பட்ட அரசி பலியாட்டம் (குவீன்ஸ் கேம்பிட்) என்னும் வகையைச் சார்ந்தது. வெள்ளை தன் அரசியின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டங்கள் நகர்த்துகிறது. கறுப்பும் அவ்வாறே செய்கிறது. அடுத்து வெள்ளை, அரசியின் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள சிப்பாயை இரு கட்டங்கள் முன்னேற்றி வெட்டுக்குக் கொடுக்கிறது. கறுப்பு அதனை வெட்டினால் பலி 'ஏற்கப்பட்டது' எனப்படும். பெயரளவில்தான் இது பலி. வெட்டிய சிப்பாயைக் கறுப்பால் நெடுநேரம் காத்துக்கொள்ள இயலாது. வெள்ளை பொதுவாக மந்திரியால் அதை மீட்டுவிடும். இதற்கிடையே நடுக்கட்டங்களில் இறுக்கம் தளர்வதால், தோற்கக் கூடாத நிலையிலுள்ள கறுப்பு ஆட்டக்காரருக்கு இது பொருத்தமான தேர்வாகும்.

முடிவு

குகேஷ் 9 புள்ளிகளுடன் ஆட்டத்தை முடித்த பின்னும் மற்றைய ஆட்டம் நீடித்தது. அதில் வெல்லும் நிலையை எட்டிய கருவானா அதைத் தவறவிட்டார். 109 நகர்த்தல்களில் அதுவும் சமநிலையானது. அந்நேரத்தில் குகேஷ் தம் துணைவரான போலந்தின் கிராண்ட்மாஸ்டர் கயெவ்ஸ்கியுடன் நடக்கச் சென்றிருந்தார்.

இம்முடிவால் குகேஷ் உலக வாகையர் போட்டிக்குத் தகுதி பெற்ற மிக இளையவரானார். விசுவநாதன் ஆனந்துக்குப் பின் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்ற முதல் இந்தியரும் இவரே. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்று உலக வாகையரானார்.